மரைன் டிராஃபிக்: துறைமுக ஒப்பந்தங்களைப் பற்றிப் பேசும் முன் திறக்க வேண்டிய வரைபடம்

வெளிநாட்டில் துறைமுகம் கட்டுவது, குத்தகைக்கு எடுப்பது பற்றி வரும் செய்திகளில் கையெழுத்திடும் அமைச்சர்களின் படம் இருக்கும். கூடவே, கடலின் மேல் நீளமாக ஓர் அம்புக்குறி போட்ட வரைபடமும் இருக்கும். அந்தத் துறைமுகத்துக்கு இன்றைக்குக் கப்பல் வந்ததா, வந்தது என்ன கப்பல், சரக்கு ஏற்றியதா இறக்கியதா என்பதை மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள். அதைத் தெரிந்துகொள்ள நான் தினமும் திறக்கும் தளம், கப்பல்கள் இப்போது எங்கே இருக்கின்றன என்று வரைபடத்தில் காட்டும் மரைன் டிராஃபிக். இதைப் பற்றி விரிவாக எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாகவே நினைத்திருந்தேன்.

நான் நேவிகேட்டிங் ஆபீசராகக் கப்பலில் ஓடியவன். இப்போது கரையில், நிலக்கரி, தானியம் போன்றவற்றைச் சுமக்கும் பல்க் கேரியர்களை இயக்கும் ஓர் அலுவலகத்தில் ஆபரேஷன்ஸ் பார்க்கிறேன். எங்கள் கப்பல் எங்கே போகிறது, எந்த ஜலசந்தியை எப்போது கடக்கிறது, அங்கே என்ன ஆபத்து, இன்ஷூரன்ஸ்காரர் எவ்வளவு கேட்கிறார் என்பதுதான் என் அன்றாட வேலை. அதனால் இந்த விமர்சனம் வேலைக்காகப் பயன்படுத்துகிறவனின் பார்வை. பொழுதுபோக்காகக் கப்பல் பார்ப்பவர்களுக்கு வேறு அளவுகோல் இருக்கலாம்.

முதலில், இது எப்படி வேலை செய்கிறது என்று சுருக்கமாக. பன்னாட்டுப் பயணம் போகும் 300 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் எல்லாவற்றிலும் ஏஐஎஸ் என்ற கருவி இருக்க வேண்டும் என்பது சோலாஸ் என்ற பன்னாட்டுக் கடல் பாதுகாப்பு உடன்படிக்கையின் விதி. ஓடும்போது சில விநாடிகளுக்கு ஒருமுறை, நங்கூரமிட்டிருந்தால் மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை, கப்பலின் அடையாளம், இடம், வேகம், திசை ஆகியவற்றை அது விஎச்எஃப் ரேடியோவில் அறிவித்துக்கொண்டே இருக்கும். கப்பல்கள் ஒன்றோடொன்று மோதாமல் இருப்பதற்காக வந்த கருவி இது. அந்தச் சமிக்ஞையைக் கரையில் ஓர் ஆன்டெனா வைத்து யார் வேண்டுமானாலும் பிடிக்கலாம். கிரேக்க நாட்டின் ஏஜியன் பல்கலைக்கழகத்தில் 2007 வாக்கில் ஒரு கல்வித் திட்டமாகத் தொடங்கிய மரைன் டிராஃபிக், உலகம் முழுக்கத் தன்னார்வலர்கள் வைத்த ஆன்டெனாக்களை ஒன்று சேர்த்து வளர்ந்தது. 2023-ல் கெப்ளர் என்ற சரக்குத் தகவல் நிறுவனம் இதை வாங்கிவிட்டது.

திரையில் பச்சை சரக்குக் கப்பல், சிவப்பு டேங்கர், நீலம் பயணிகள் கப்பல். ஓடுவதற்கு அம்பு வடிவம், நிற்பதற்கு வட்டம். இவ்வளவு தெரிந்தால் போதும், படிக்க ஆரம்பித்துவிடலாம்.

இலவசமாகக் கிடைப்பது கரையோர ஆன்டெனாக்கள் பிடிக்கும் தகவல்தான். நடுக்கடலுக்குப் போனால் கப்பல் மறைந்துவிடும். செயற்கைக்கோள் வழியாக வரும் நிலை, பழைய பயணப் பதிவுகள் போன்றவை பணம் கட்டினால்தான் கிடைக்கும். செய்தியைச் சரிபார்க்க விரும்பும் வாசகருக்கு இலவசக் கணக்கே தாராளம் என்பது என் கருத்து. ஏனென்றால் வணிகப் பாதைகளின் பாதுகாப்பு தீர்மானமாகும் இடங்கள் பெரும்பாலும் கரைக்குப் பக்கத்தில் உள்ள இடுக்குகள்: செங்கடலின் தென்வாசலான பாப் எல் மண்டெப், ஹோர்முஸ், மலாக்கா, சூயஸ். அங்கெல்லாம் பொதுவாக ஆன்டெனாக்கள் உண்டு.

இப்போது நான் வழக்கமாகப் பார்க்கும் சில இடங்களுக்கு வருகிறேன்.

இலங்கையின் தென்முனையில் தெவுந்தர முனைக்குக் கீழே வரைபடத்தைப் பெரிதாக்குங்கள். கிழக்கே போகும் வரிசை, மேற்கே வரும் வரிசை என்று இரண்டு ஓடைகள் தெளிவாகத் தெரியும். சூயஸிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் மலாக்கா நோக்கிப் போகும் உலகச் சரக்கின் பெரும்பகுதி அந்த ஓடைகளில்தான் நகர்கிறது. அதற்குச் சற்று வடகிழக்கே அம்பாந்தோட்டை. 2010-ல் முதற்கட்டம் திறந்து, 2017-ல் 112 கோடி டாலருக்கு 99 ஆண்டுக் குத்தகையாகச் சீன அரசு நிறுவனமான சைனா மெர்ச்சன்ட்ஸிடம் போன துறைமுகம். கடனைக் கட்ட முடியாததால் சீனா துறைமுகத்தைப் பிடுங்கிக்கொண்டது என்று எல்லோரும் சொல்லும் கதை ஒன்று இருக்கிறது. ஆனால் குத்தகைப் பணம் அந்தத் துறைமுகக் கடனுக்கு ஈடாகக் கழிக்கப்படவில்லை. அது இலங்கையின் அந்நியச் செலாவணிக் கையிருப்பில் சேர்ந்தது, கடன் அப்படியே இருந்தது. இந்த வித்தியாசத்தைச் சொல்லாமல் எழுதப்படும் கட்டுரைகளைப் படித்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

அந்தத் துறைமுகத்தைத் தளத்தில் திறந்தால் என்ன தெரிகிறது? உயரமான பெட்டி போன்ற கார் கேரியர்கள். வேறு நாடுகளுக்குப் போகும் கார்கள் இங்கே இறங்கி, வேறு கப்பலில் ஏறுகின்றன. அப்புறம், வெளியே எண்ணெய் நிரப்ப நிற்கும் கப்பல்கள். 2024-லிருந்து கண்டெய்னர் கப்பல்களும் வரத் தொடங்கின. ஒரு கார் கேரியர் உள்ளே வரும்போது அதன் மிதவை ஆழம் (கப்பல் தண்ணீருக்குள் எவ்வளவு அமிழ்ந்திருக்கிறது) என்ன, வெளியே போகும்போது என்ன என்று தளத்தில் அந்தக் கப்பலுக்கான பக்கத்தில் பார்க்கலாம். கூடியிருந்தால் ஏற்றியிருக்கிறது, குறைந்திருந்தால் இறக்கியிருக்கிறது என்று ஊகிக்கலாம். இந்த எண்ணைக் கப்பலில் ஓர் ஆபீசர் கையால் பதிவு செய்கிறார் என்பதால் நூறு சதவீதம் நம்ப முடியாது. இருந்தாலும் பல கப்பல்களைத் தொடர்ந்து பார்த்தால் நிலவரம் பிடிபடும். அம்பாந்தோட்டை வெறும் காலி இடம் என்று சொல்வதும் தவறு, கொழும்புக்கு இணையாகிவிட்டது என்று சொல்வதும் தவறு. இரண்டையும் பத்து நிமிடத்தில் சரிபார்க்கலாம்.

2022 ஆகஸ்ட் 16 அன்று யுவான் வாங் 5 என்ற சீனக் கண்காணிப்புக் கப்பல் அங்கே வந்து நின்றபோது இந்தியா கவலைப்பட்டதில் நியாயம் இருந்தது. வணிகத் துறைமுகமாகக் குத்தகைக்குப் போன இடம், வேறு வேலைக்கும் கதவைத் திறக்க முடியும் என்பதற்கு அது உதாரணம். எங்கிருந்தோ நடக்கும் முதலீடு ஒரு நாட்டின் பாதுகாப்பைத் தொடும் இடம் இதுதான். ஆனால் எனக்கு அன்றும் இன்றும் பெரிய கேள்வி வேறு: அந்த இரண்டு ஓடைகளில் போகும் கப்பல்களை, ஒரு பிரச்சினை வந்தால், யார் காப்பாற்றுவார்கள்?

பாகிஸ்தானின் குவாதர் துறைமுகத்தைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. 2013-ல் சீன நிறுவனத்திடம் இயக்கம் போனது. 2015-ல் 4,600 கோடி டாலர் மதிப்பில் சீனா-பாகிஸ்தான் வழித்தடம் அறிவிக்கப்பட்டது. நான் எட்டிப் பார்க்கும்போதெல்லாம் பெர்த் (கப்பலை நிறுத்திவைக்கும் மேடை) பெரும்பாலும் காலி, அல்லது ஒரு கப்பல். அந்தக் கரையில் ஆன்டெனா விட்டு விட்டு வேலை செய்ய வாய்ப்புண்டு என்பதால் செயற்கைக்கோள் தகவலையும் சேர்த்துப் பார்த்துத்தான் இதைச் சொல்கிறேன். கராச்சிக்கும் போர்ட் காசிமுக்கும் வரைபடத்தை நகர்த்தினால் பாகிஸ்தானின் கடல் வணிகம் உண்மையில் எங்கே நடக்கிறது என்று தெரிந்துவிடும். குவாதரிலிருந்து சீனாவுக்குச் சரக்கு போக வேண்டுமானால் 4,600 மீட்டருக்கு மேல் உயரமான குஞ்சராப் கணவாயை லாரியில் தாண்ட வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அதே கரையோரம், சற்று மேற்கே, ஓமான் வளைகுடாவில் ஈரானின் சபஹர் துறைமுகம். இதில் இந்தியாவின் பங்கு உண்டு. 2018 டிசம்பர் முதல் ஒரு முனையத்தை இந்திய அரசு நிறுவனமான இந்தியா போர்ட்ஸ் குளோபல் இயக்கத் தொடங்கியது, 2024 மே 13 அன்று பத்தாண்டு ஒப்பந்தம் கையெழுத்தானது. பாகிஸ்தானைத் தொடாமல் ஆப்கானிஸ்தானுக்கும் மத்திய ஆசியாவுக்கும் போக இந்தியாவுக்கு இருக்கும் வழி அது. நல்ல இடம், நல்ல நோக்கம். ஆனால் ஈரான் மீதான தடைகளிலிருந்து இந்தத் துறைமுகத்துக்கு 2018-ல் கொடுத்த விலக்கை அமெரிக்கா 2025 செப்டம்பரில் திரும்பப் பெற்றது, பிறகு ஆறு மாதம் அவகாசம் கொடுத்தது. துறைமுகத்தில் கிரேன் நம்முடையதாக இருக்கலாம். அங்கே போகும் கப்பலுக்கு இன்ஷூரன்ஸ் கிடைக்குமா, வங்கி பணத்தை அனுப்புமா என்பது வாஷிங்டனில் முடிவாகிறது. ஆபரேஷன்ஸ் மேசையில் உட்கார்ந்தவனுக்கு இது அரசியல் பேச்சு இல்லை, நேரடியான வேலைப் பிரச்சினை. தடை பயம் உள்ள துறைமுகம் என்றால் கப்பல் முதலாளி முதல் வார்த்தையிலேயே வேண்டாம் என்பார்.

இந்தத் தளத்தின் உண்மையான மதிப்பு எனக்குத் தெரிந்தது செங்கடலில்தான்.

2023 நவம்பர் 19 அன்று ஏமனின் ஹூதி கிளர்ச்சியாளர்கள் ஹெலிகாப்டரில் இறங்கி கேலக்ஸி லீடர் என்ற கார் கேரியரைக் கைப்பற்றினார்கள். அதன் பிறகு ஏவுகணை, டிரோன் தாக்குதல்கள். அந்த டிசம்பரில் வரைபடத்தைப் பார்த்தவர்கள் அதை மறக்க முடியாது. ஏடன் வளைகுடாவை நோக்கிப் போன பச்சை அம்புகள் வேகத்தைக் குறைத்தன, சில நடுவில் திரும்பின, பிறகு ஒவ்வொன்றாக ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையோரம் தெற்கே இறங்கின. சிங்கப்பூரிலிருந்து ராட்டர்டாமுக்கு சூயஸ் வழியாக சுமார் 8,400 கடல் மைல், நன்னம்பிக்கை முனையைச் சுற்றினால் கிட்டத்தட்ட 11,800. பதினைந்து நாட் (மணிக்குப் பதினைந்து கடல் மைல்) வேகத்தில் ஏறக்குறைய பத்து நாள் கூடுதல். துணிந்து செங்கடல் வழியே போகலாம் என்றால் வார் ரிஸ்க் பிரீமியம், அதாவது போர் அபாயத்துக்கான காப்பீட்டுக் கட்டணம்: முன்பு கப்பல் மதிப்பில் 0.1 சதவீதத்துக்கும் கீழே இருந்தது, 2024 தொடக்கத்தில் 0.7, 1 என்று ஏறியது. 5 கோடி டாலர் கப்பலுக்கு 1 சதவீதம் என்றால் 5 லட்சம் டாலர், அதுவும் ஏழு நாள் பாதுகாப்புக்கு.

அப்படியும் போன கப்பல்களைத் தளத்தில் சொடுக்கிப் பாருங்கள் என்று அப்போது நண்பர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஏஐஎஸ்-ல் 'சேருமிடம்' என்ற பகுதியில் 20 எழுத்து மட்டுமே போட முடியும். வழக்கமாக அங்கே துறைமுகக் குறியீடு இருக்கும். செங்கடலில் அந்த இடத்தில் "ஊழியர் அனைவரும் சீனர்", "இஸ்ரேல் தொடர்பில்லை", "ஆயுதக் காவலர் உண்டு" என்ற பொருளில் ஆங்கிலச் சுருக்கங்கள் ஓடின. அந்தப் பெட்டியில் எழுத்துக்களைத் தட்டுவது பெரும்பாலும் செகண்ட் ஆபீசரின் வேலை. நானும் அந்த வேலையைச் செய்தவன்தான். பிரிட்ஜில் ஒரு சின்னத் திரை, நாலைந்து பொத்தான், ஒவ்வொரு எழுத்தாகத் தேட வேண்டும். ஏவுகணை வைத்திருப்பவன் படித்துவிட்டு விட்டுவிடட்டும் என்ற நம்பிக்கையில் ஓர் இளைஞன் அந்தப் பொத்தான்களை அழுத்திக்கொண்டிருந்திருப்பான் என்று நினைக்கும்போது நெஞ்சு கனத்துப் போகிறது.

2024 மார்ச் 6 அன்று ட்ரூ கான்ஃபிடன்ஸ் என்ற பல்க் கேரியர் தாக்கப்பட்டு மூன்று மாலுமிகள் இறந்தார்கள். மீதி ஊழியர்களைக் காப்பாற்றிக் கரை சேர்த்தது இந்தியக் கடற்படையின் ஐஎன்எஸ் கொல்கத்தா. வரைபடத்தில் ஐஎன்எஸ் கொல்கத்தா போன்ற கப்பல்களைத் தேடினால் கிடைக்காது. போர்க்கப்பலுக்கு ஏஐஎஸ் கட்டாயம் இல்லை. தளத்தின் பெரிய இடைவெளி இது: பாதுகாக்கப்பட வேண்டியது அத்தனையும் தெரியும், பாதுகாப்பவர் தெரிய மாட்டார். இதை மறந்துவிட்டு 'கடல் காலியாக இருக்கிறது' என்று முடிவு கட்டக் கூடாது.

இப்போது முதலீட்டுக்குத் திரும்புவோம். பாப் எல் மண்டெப் வாசலில் ஜிபூத்தி என்ற சிறிய நாடு. அங்கே டோராலேயில் சீன முதலீட்டில் பெரிய துறைமுகம், பக்கத்திலேயே 2017 ஆகஸ்டில் திறந்த சீனக் கடற்படைத் தளம். கொஞ்ச தூரத்தில் அமெரிக்க, பிரெஞ்சு, ஜப்பானிய, இத்தாலியத் தளங்கள். உலகத்தின் பெரிய படைகள் எல்லாம் குடியிருக்கும் வாசல். அப்படி இருந்தும், சீன அரசு நிறுவனமான காஸ்கோவின் பெரிய கண்டெய்னர் கப்பல்களும் ஆப்பிரிக்காவைச் சுற்றித்தான் போயின. 2024 மார்ச் 23 அன்று ஹுவாங் பு என்ற சீனர்களுக்குச் சொந்தமான டேங்கர் மீதே ஏவுகணை விழுந்தது. சாலையோரத்தில் கடை வாங்கியவருக்குச் சாலை சொந்தமாகிவிடாது. இதை மந்திரிகளும் பத்திரிகைகளும் ஒப்பந்த நாளில் சொல்ல மறக்கிறார்கள்.

கிரேக்கத்தின் பிரேயஸ் இன்னும் நல்ல பாடம். காஸ்கோ 2009-ல் நுழைந்து, 2016-ல் துறைமுக நிறுவனத்தின் 51 சதவீதப் பங்கை 28 கோடி யூரோவுக்கு வாங்கி, 2021-ல் 67 சதவீதமாக்கியது. 2009-ல் பத்து லட்சம் கண்டெய்னர்கூடத் தொடாத துறைமுகம், 2019-ல் 56 லட்சத்தைத் தாண்டியது. வெளிநாட்டுத் துறைமுக முதலீட்டில் உண்மையாகவே வெற்றி என்று நான் சொல்லும் சிலவற்றில் இது ஒன்று. அந்த வெற்றிக்கு அடிப்படை, சூயஸிலிருந்து வெளிவரும் கப்பலுக்கு ஐரோப்பாவில் அது முதல் பெரிய நிறுத்தம் என்பது. கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றத் தொடங்கியதும் மத்தியதரைக் கடலின் வாசல் மாறியது. ஜிப்ரால்டர் பக்கமிருந்து வருகிறவனுக்கு பிரேயஸ் கடைசிக் கோடி. 2024-ல் பிரேயஸின் கண்டெய்னர் எண்ணிக்கை குறைந்தது, மொராக்கோவின் டாங்கர் மெட் முதன்முறையாக ஒரு கோடியைத் தாண்டியது. இந்தப் பக்கம் கொழும்பும் பலனடைந்தது: 2023-ல் சுமார் 69 லட்சம், 2024-ல் 77 லட்சத்துக்கு மேல். எகிப்தின் சூயஸ் கால்வாய் வருமானம் 2023-ல் 1,025 கோடி டாலர், அடுத்த ஆண்டு 400 கோடிக்கும் கீழே. இந்த இடங்கள் எதிலும் யாரும் ஒரு கிரேனைக்கூட இடிக்கவில்லை. ஆயிரம் மைலுக்கு அப்பால் ஒரு ஜலசந்தியில் நடந்ததால் வந்த மாற்றம். பிரேயஸ், டாங்கர் மெட், கொழும்பு ஆகிய மூன்று துறைமுகங்களையும் அடுத்தடுத்த டேப்பில் திறந்து வைத்து அந்த ஆண்டு முழுக்கப் பார்த்தவனுக்கு, துறைமுகத்தின் விலை அதன் பாதையில் இருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

மலாக்காவையும் சொல்லிவிடுகிறேன். சீனாவுக்குப் போகும் எண்ணெய் அந்த இடுக்கு வழியாகவே வர வேண்டும் என்பதால், சீனாவின் நீண்ட நாள் கவலை அது. சிங்கப்பூருக்கு அருகே பிலிப் கால்வாயில் பாதை மூன்று கிலோமீட்டருக்கும் குறைவாக ஒடுங்குகிறது. அதைத் தவிர்க்க மியான்மரின் கியாக்பியூவிலிருந்து சீனாவின் யுனான் மாகாண எல்லை வரை 771 கிலோமீட்டர் எண்ணெய்க் குழாய் போட்டு, 2017-ல் இயக்கினார்கள். அதன் முழுக் கொள்ளளவு ஆண்டுக்கு 2.2 கோடி டன். சீனா 2023-ல் இறக்குமதி செய்த கச்சா எண்ணெய் 56 கோடி டன். நான்கு சதவீதம்கூட இல்லை. குழாய் தொடங்கும் ரக்கைன் மாநிலத்தில் இப்போது உள்நாட்டுப் போர் வேறு. குழாய் தொடங்கும் மடே தீவு முனையத்தில் ஒரு டேங்கர் நிற்கும் அதே நேரத்தில் மலாக்காவில் எத்தனை சிவப்பு அம்புகள் வரிசை கட்டுகின்றன என்று பார்த்தால், சதவீதத்தைச் சொல்லவே வேண்டாம்.

சரி, குறைகள். ஏஐஎஸ்-ஐ அணைத்துவிட்டுப் போகும் கப்பல்கள் உண்டு. தடைக்குள்ளான எண்ணெயைச் சுமப்பவை வேண்டுமென்றே அணைக்கின்றன, இல்லாத இடத்தில் இருப்பதாகப் பொய்யும் சொல்கின்றன. இன்னொன்று ஜிபிஎஸ் குழப்பம். 2025 ஜூனில் ஹோர்முஸ் அருகே நூற்றுக்கணக்கான கப்பல்களின் நிலை தாறுமாறாகக் காட்டியது. வரைபடத்தில் சில கப்பல்கள் தரைமேல் வட்டமடித்தன. அந்த நாட்களில் ஃபிரண்ட் ஈகிள், அடலின் என்ற இரண்டு டேங்கர்கள் மோதிக்கொண்டன. தளம் தனக்கு வந்ததைக் காட்டுகிறது, அதைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் புதிதாகப் பார்ப்பவர், கப்பல் நேர்கோட்டில் 40 நாட் வேகத்தில் பறந்தால் அதை நம்பிப் பகிர்ந்துவிடக் கூடாது. கடைசியாகத் தகவல் வந்த நேரத்தை முதலில் பாருங்கள். மணிக்கணக்கில் பழையது என்றால் அந்தப் புள்ளிக்கு அர்த்தமில்லை.

இதே வேலையைச் செய்யும் வேறொரு தளத்தில் முன்பு சந்தா கட்டியிருந்தேன். ரத்து செய்யும் பொத்தானைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடாகிவிட்டது. எந்தத் தளமானாலும் மாதச் சந்தாவில் தொடங்குங்கள்.

எனக்கு இருக்கும் ஒரே பெரிய ஆசை: துறைமுகப் பக்கத்தில் கப்பல் வரவு, காத்திருப்பு எல்லாம் இருக்கிறது, முனையத்தை யார் இயக்குகிறார், குத்தகை எந்த ஆண்டு வரை என்பது முன்னால் தெரியும்படி இல்லை. கொழும்பையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே அலைதடுப்புச் சுவருக்குள் சைனா மெர்ச்சன்ட்ஸ் 85 சதவீதம் வைத்திருக்கும் முனையமும் இருக்கிறது, 2025 ஏப்ரலில் இயங்கத் தொடங்கிய, அதானி 51 சதவீதம் வைத்திருக்கும் மேற்கு முனையமும் இருக்கிறது. ஒரு கப்பல் எந்தச் சுவரோரம் கட்டியிருக்கிறது என்று பார்த்துத்தான் நாமே பிரித்தறிய வேண்டும். இதற்காக நான் தனியாக ஓர் எக்செல் தாள் வைத்திருக்கிறேன். துறைமுகம், முனையம், பங்குதாரர், குத்தகை முடியும் ஆண்டு என்று நான்கு பத்திகள். அந்த நான்கையும் தளமே கொடுத்தால் தயங்காமல் கூடுதல் பணம் கட்டுவேன்.

மதிப்பெண் ஐந்துக்கு நான்கு. செய்தி எழுதுகிறவர்கள், பொருளாதாரம் படிக்கும் மாணவர்கள், சரக்கு அனுப்பும் சிறு வணிகர்கள் ஆகியோருக்கு இலவசக் கணக்கு போதும். கப்பலை வாடகைக்கு எடுக்கிறவர், காப்பீடு பார்க்கிறவர் என்றால் செயற்கைக்கோள் தகவலோடு வரும் திட்டத்தை எடுங்கள். மொபைல் செயலியைவிடக் கம்ப்யூட்டர் திரையில் பார்ப்பது நல்லது. ஜலசந்தியைப் பெரிதாக்கும்போது கைபேசியில் புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, எதைத் தொட்டோம் என்றே தெரிவதில்லை.